நோர்வேஜியக் கூட்டுச்சொல் பிசகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நோர்வேக்கு வந்து, மொழித் தேர்வும் எழுதி, சொல்வளமும் நிறையச் சேர்த்துக்கொண்ட பிறகும், நீளமான ஒரு சொல்லைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர் நெற்றியைச் சுருக்கி "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்கும் நிலை நம்மில் பலருக்கு இருக்கிறது. தனித்தனியே கேட்டால் பிழையில்லாமல் சொல்லும் இரண்டு சொற்கள், ஒன்றாகச் சேர்ந்ததும் வாயில் குழம்பிப் போகின்றன. பெரும்பாலான நேரங்களில் குறை எந்தத் தனி ஒலியிலும் இருப்பதில்லை. சொல்லின் இரண்டு பகுதிகளும் சேரும் பொருத்து எங்கே இருக்கிறது, சொல்லில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல் வாயைத் திறப்பதே குறை. நோர்வேஜியர் ஒருவர் நீண்ட சொல்லைக் கேட்கும்போது அதில் ஒரே ஒரு உச்சத்தைத் தேடுகிறார். அந்த உச்சம் தவறான இடத்தில் இருந்தால், மற்ற ஒலிகள் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் அவருக்குச் சொல் கிடைப்பதில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது ஒஸ்லோவையும் அதைச் சூழ்ந்த கிழக்கு நோர்வேயையும் சேர்ந்த பேச்சு. முதன்மை அழுத்தம் விழும் அசைக்கு முன் ˈ என்ற குறியையும், துணை அழுத்தம் விழும் அசைக்கு முன் ˌ என்ற குறியையும் இட்டிருக்கிறேன். க, த, ப ஆகிய எழுத்துகள் வல்லோசையையும் மெல்லோசையையும் பிரித்துக் காட்டமாட்டா. இதழைக் குவித்துச் சொல்லும் நோர்வேஜிய உயிர்களுக்கும் தமிழில் எழுத்து இல்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லின் பொருளையும் தருகிறேன். எழுத்துக்கூட்டலை 'பூக்மோல்ஸூர்பூக்கா' அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். பெர்கன் பல்கலைக்கழகமும் நாட்டின் மொழி மன்றமான 'ஸ்ப்ரோக்ரோதெ'யும் சேர்ந்து நடத்தும் அந்த அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அறிகுறி: ஒரு சொல்லைச் சொல்கிறீர்கள், கேட்பவர் இரண்டு சொல்லாக எடுத்துக்கொள்கிறார்

ஒரு நூலகத்தில் நடந்த மொழிக் கஃபேயில் என் பக்கத்தில் இருந்த அக்கா, நாளைக்குக் கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும் என்று பேச்சைத் தொடங்கினார். கால்நடை மருத்துவருக்கு நோர்வேஜியத்தில் ˈதீர்ˌலேகெ என்று பெயர். 'தீர்' என்றால் விலங்கு, 'லேகெ' என்றால் மருத்துவர். அக்கா இரண்டையும் ஒரே அளவு அழுத்தி, நடுவில் ஒரு மூச்சு இடைவெளியும் விட்டார். 'தீர்' என்பதற்கு விலை கூடிய என்றும் பொருள் உண்டு. எதிரே இருந்த முதியவர் அதை ˈதீர் ˈலேகெ, அதாவது 'அதிகக் கட்டணம் வாங்கும் மருத்துவர்' என்று கேட்டுக்கொண்டு, மருத்துவருக்கு நோயாளி கட்டும் பங்குத் தொகைக்கு ஆண்டு உச்சவரம்பு இருக்கிறது, அதைத் தாண்டினால் கட்டணமில்லா அட்டை கிடைக்கும் என்று மிகப் பொறுமையாக விளக்க ஆரம்பித்துவிட்டார். பூனை பற்றிய பேச்சு வரும்வரை இருவரும் வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் இதுதான். பெயரடையும் பெயரும் அடுத்தடுத்து வரும் தொடரில் இரண்டு சொல்லுக்கும் முழு அழுத்தம் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி இசை ஏற்ற இறக்கமும் உண்டு. கூட்டுச்சொல்லில் முதல் பகுதி மட்டுமே அந்த முழு அழுத்தத்தையும் இசையையும் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் பகுதி ஒரு படி இறங்கித் துணை அழுத்தத்தோடு நின்றுவிடுகிறது. தமிழில் 'மருந்து கடை' என்பதற்கும் 'மருந்துக்கடை' என்பதற்கும் இடையில் ஒரு 'க்' செய்கிற வேலையை, நோர்வேஜியத்தில் இரண்டாம் பகுதியின் இந்த இறக்கம் செய்கிறது. நம் காது மிகும் ஒற்றைத் தேடிப் பழகியது. அங்கே ஒற்று மிகாததால், சொற்கள் சேர்ந்துவிட்டன என்பதைக் காட்ட வேறு அடையாளம் ஒன்று தேவை என்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வலது கையை மேசைமேல் வைத்து, முதன்மை அழுத்தத்துக்கு உள்ளங்கையால் ஒரு தட்டும், துணை அழுத்தத்துக்கு ஒரு விரல் நுனியால் ஒரு தொடுகையும் கொடுத்துக்கொண்டே சொல்லைச் சொல்லிப் பார்க்கவேண்டும். உள்ளங்கை இரண்டு முறை விழுந்தால் நீங்கள் இரண்டு சொற்களைச் சொல்லியிருக்கிறீர்கள். நோர்வேஜிய மொழி கற்பிக்கும் ஆசிரியர் ˈநொஷ்க்ˌலேரெர். நோர்வே நாட்டைச் சேர்ந்த ஆசிரியர் ˈநொஷ்க் ˈலேரெர். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஒஸ்லோவில் நோர்வேஜிய மொழி கற்பிப்பவர் முதலாவது வகை; இரண்டாவது வகையாகத் தம்மை அறிமுகப்படுத்தினால் கேட்பவர் திகைப்பது இயல்பே. இந்த இரண்டையும் மாறிமாறிப் பத்துத் தடவை தட்டிச் சொன்னால், வேறுபாடு காதுக்கு எட்டுமுன் கைக்கு எட்டிவிடும்.

அறிகுறி: முதல் அசையில்தான் அழுத்துகிறீர்கள், ஆனாலும் சொல் பிடிபடவில்லை

இது விடாமுயற்சியுள்ள மாணவர்களிடம் அதிகம் காணப்படும் பிசகு. 'கூட்டுச்சொல்லில் அழுத்தம் முதலில் வரும்' என்று வகுப்பில் கேட்ட அரைகுறை விதியை முதல் அசைக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறார்கள். விதியை முழுமையாகச் சொன்னால், அழுத்தம் முதல் பகுதியில் விழும். அந்தப் பகுதி தனியே நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் பெறுமோ அதே அசையில் விழும். 'ஹுˈதெல்' (ஹோட்டல்) என்ற சொல்லின் அழுத்தம் இரண்டாம் அசையில் இருப்பதால், ஹோட்டல் அறையும் ஹுˈதெல்ˌரும் ஆகவே இருக்கும். ˈஹுதெல்ரும் என்று தொடங்கினால், நோர்வேஜியக் காது 'ஹு' என்று தொடங்கும் ஏதோ வேறு சொல்லைத் தேடப் போய்விடும்.

ஆகவே சோதனையை முதல் பகுதியிலிருந்து தொடங்கவேண்டும். அதைத் தனியே சொல்லிப் பாருங்கள். காவல்துறை 'புலிˈதீ' என்றால் காவல் நிலையம் புலிˈதீஸ்தˌஷூன். தொலைபேசி 'தெலெˈஃபூன்' என்றால் தொலைபேசி எண் தெலெˈஃபூன்ˌநும்மெர். பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்த சொற்கள் பெரும்பாலும் ஈற்றசையிலோ அதற்கு முந்தியதிலோ அழுத்தம் பெறுவதால், அவை முதல் பகுதியாக வரும் கூட்டுச்சொல்லின் உச்சம் சொல்லின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். ஒஸ்லோவின் பாதாள ரயிலில் போகிறவர்களுக்கு இதற்குப் பாடநூல் வேண்டியதில்லை. மˈயூஷ்ˌதூவென் நிலையத்தை அறிவிக்கும் குரலில் உச்சம் இரண்டாம் அசையில் இருக்கும். அடுத்து வரும் தேசிய நாடக அரங்க நிலையத்தின் பெயரில் மூன்றாம் அசையில் இருக்கும், நஷுˈநால்தெˌஆத்ரெ. அதற்கடுத்த நாடாளுமன்ற நிலையத்தில் முதல் அசைக்கே வந்துவிடும், ˈஸ்தூˌடிங்ஙெ. பிறகு ரயில்வே சதுக்கத்திலும் அப்படியே, ˈயேண்பானெˌதொர்கெ. நான்கு நிறுத்தங்களில் மூன்று வகையும் கிடைத்துவிடுகின்றன. தினமும் அந்த வழியே வேலைக்குப் போகிறவர், அறிவிப்பு வருமுன் பெயரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துப் பிறகு ஒப்பிட்டால், ஒரு மாதத்தில் கிடைக்கும் பயன் பெரிது.

இதே அறிகுறிக்கு இன்னொரு மூலமும் உண்டு. இடைக்காலத்தில் பெர்கன் துறைமுகத்தில் வணிகம் நடத்திய ஹன்சா என்ற வட ஜெர்மன் நகரக் கூட்டணியின் வணிகர்கள் பேசிய 'கீழ் ஜெர்மன்' மொழியிலிருந்து 'பெ' என்றும் 'ஃபொர்' என்றும் தொடங்கும் சொற்கள் ஏராளமாக வந்தன. இந்த முன்னொட்டுகள் அழுத்தம் ஏற்பதில்லை: பணம் கட்டுவதற்கான அட்டை பெˈதாலிங்ஸ்ˌகொட், காப்பீட்டு நிறுவனம் ஃபொˈஷிக்ரிங்ஸ்ˌஸெல்ஸ்காப். ஆனால் 'முன்' என்ற பொருள் தரும் இன்னொரு 'ஃபோர்' அழுத்தம் ஏற்கும். ஒருவருடைய முதற்பெயர் ˈஃபோˌணவ்ன். மனநிறைவுள்ள என்பதற்கு ஃபொˈணொய்ட். எழுத்தில் இரண்டும் ஒரே மூன்று எழுத்துகளில் தொடங்குகின்றன. 'முன்' என்று தமிழில் பெயர்த்துப் பார்த்தால் பொருள் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்ல வழி. பொருந்தினால் பெரும்பாலும் அழுத்தம் முன்னொட்டிலேயே இருக்கும்.

கிழக்கு நோர்வேயின் பழைய நாட்டுப்புறப் பேச்சில் கடை என்ற 'புˈதிக்' சொல்லையும் முதல் அசையில் அழுத்தி ˈபுதிக் என்று சொல்லும் பெரியவர்களைக் கேட்கலாம். அது அவர்களுடைய வட்டார மரபு. கற்பவர் அதைப் பின்பற்றினால் பிழை என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் விட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: நீங்கள் படிக்கும்போது சொல் தவறான இடத்தில் உடைகிறது

ஒரு படிவத்தில் 'ஃபொத்ஸெல்ஸோர்' என்ற சொல்லைப் பார்க்கிறீர்கள். 'ஃபொத்ஸெல்' என்றால் பிறப்பு; 'ஸோர்' என்றால் புண். பிறப்பின்போது ஏற்பட்ட புண்ணை எதற்குக் கேட்கிறார்கள் என்று தோன்றலாம். படிவம் கேட்பது பிறந்த ஆண்டை. பொருத்து 'ஸ்' ஒலிக்குப் பிறகு இருக்கிறது: ˈஃபொத்ஸெல்ஸ்ˌஓர், இங்கே 'ஓர்' என்றால் ஆண்டு. நடுவில் நிற்கும் 'ஸ்' இரண்டு பகுதிகளையும் இணைக்க வந்த ஒலி. அது எப்போதும் முதல் பகுதியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், இரண்டாம் பகுதியின் தொடக்கமாக ஆகாது. அக்கம்பக்கத்தார் கூடி ஊதியமின்றிப் பொதுவேலை செய்யும் மனப்பாங்கைக் குறிக்கும் ˈதூக்நத்ஸ்ˌஒன் என்ற சொல்லிலும் அப்படித்தான். 'ஒன்' என்பதே ஆவி, மனப்பாங்கு என்று பொருள்படும் பகுதி.

பொருத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லின் பின்பக்கத்திலிருந்து வாசிப்பதே நம்பத்தக்க முறை. கூட்டுச்சொல்லின் கடைசிப் பகுதிதான் அந்தப் பொருள் என்ன என்பதைச் சொல்கிறது. முன்னால் இருப்பதெல்லாம் அதற்கு அடை. தமிழிலும் 'மருந்துக்கடை' ஒரு வகைக் கடைதான், மருந்து அல்ல. எனவே இந்த வரிசை நமக்குப் புதிதில்லை. பின்னாலிருந்து பொருளுள்ள ஒரு சொல்லை வெட்டி எடுத்த பிறகு, மிஞ்சியதன் ஈற்றில் 'ஸ்' அல்லது 'எ' தொங்கினால் அதுவே இணைப்பொலி. 'ஷூன்', 'ஹேத்', 'இங்', 'தொம்', 'ஸ்காப்' என்று முடியும் சொற்களுக்குப் பிறகு 'ஸ்' வருவது ஏறக்குறைய உறுதி என்பதால், அந்த ஈறுகளைக் கண்டவுடன் அடுத்த 'ஸ்' ஒலிக்குப் பின்னால் கத்தியை வைக்கலாம். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளிக்கு ˈஉங்தொம்ஸ்ˌஸ்கூலெ என்று பெயர். அதில் முதல் 'ஸ்' இணைப்பொலி, இரண்டாம் 'ஸ்' பள்ளி என்ற சொல்லின் முதலெழுத்து. எழுதும்போது ஒன்றை விட்டுவிடுவது நோர்வேஜியப் பிள்ளைகளும் செய்யும் பிழை.

இணைப்பு 'ஸ்' இன்னொரு வேலையும் செய்கிறது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த ஒழுங்குகளில் அது ஒன்று. வைன் கிண்ணம் ˈவீன்ˌக்ளஸ். அங்கே இணைப்பொலி இல்லை. சிவப்பு வைனுக்கான கிண்ணம் என்றதும் ˈரோவீன்ஸ்ˌக்ளஸ் ஆகிவிடுகிறது. முதல் பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருக்கும்போது, பெரிய பொருத்து இங்கேதான் இருக்கிறது என்று அந்த 'ஸ்' கைகாட்டுகிறது. சிவப்பு நிறக் கிண்ணம் அல்ல, சிவப்பு வைனுக்கான கிண்ணம் என்று அது ஓரெழுத்தில் சொல்லிவிடுகிறது. எல்லாச் சொற்களிலும் இது வருவதில்லை. வருகிற இடத்தில் அதை நம்பலாம். மூன்று, நான்கு பகுதிகள் கொண்ட சொல்லில் துணை அழுத்தமும் இந்தப் பெரிய பொருத்துக்குப் பின்னால் உள்ள பகுதிக்குத்தான் போகும். 'வீன்' அங்கே ஏறக்குறைய அமைதியாகிவிடும்.

அறிகுறி: 'கூரை' என்கிறீர்கள், 'நன்றி' என்று கேட்கிறது

நோர்வேஜியத்தில் அழுத்தம் பெற்ற அசை ஒருபோதும் வெறும் குறிலாக நிற்காது. ஒன்றில் உயிர் நெடிலாக இருக்கவேண்டும். இல்லையென்றால் குறிலுக்குப் பின் ஒற்று நீண்டு ஒலிக்கவேண்டும். யாப்பு படித்தவருக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அழுத்தமுள்ள அசை நெடிலாகவோ குறிலொற்றாகவோதான் வரும். கூரை 'தாக்', நன்றி 'தக்'. கூரையிலிருந்து மழைநீர் வடியும் பீலி ˈதாக்ˌரென்னெ. நன்றி தெரிவிக்கும் அட்டை ˈதக்கெˌகொட். நெடிலைக் குறுக்கினால் பொருளே மாறிவிடும்.

இதில் தமிழர் பெரும்பாலும் தவறுவது முதல் பகுதியில் அல்ல, இரண்டாம் பகுதியில். இரண்டாம் பகுதிக்கு அழுத்தம் குறைவு என்று தெரிந்துகொண்டதும் அதன் நீளத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறோம். பாலர் பள்ளியை ˈபாணெˌஹாகெ என்று சொல்லவேண்டிய இடத்தில் 'பாணெஹகெ' என்று முடித்துவிடுகிறோம். துணை அழுத்தம் என்பதும் அழுத்தமே. ஆகவே அந்த அசையும் தன் நெடிலையோ ஒற்றையோ விட்டுக்கொடுப்பதில்லை. இறங்குவது இசையும் வேகமும்தான், அளவு அல்ல. திருத்துவதற்கு, சொல்லைப் பின்பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வரவேண்டும்: முதலில் 'ஹாகெ' என்று தனியே நிதானமாக இரண்டு முறை, பிறகு அதன் நீளத்தைத் தொடாமல் முன்னால் 'பாணெ' என்பதைச் சேர்த்து, குரலை மட்டும் முன்பகுதிக்கு நகர்த்த வேண்டும்.

எழுத்து இதற்குப் பெரும்பாலும் துணை நிற்கும். குறிலுக்குப் பின் மெய் இரட்டித்து எழுதப்படும். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்று நாம் பள்ளியில் படித்த விதியின் உறவினர் போன்றது இது. ஒரு விலக்கை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்: சொல்லின் ஈற்றில் 'ம்' இரட்டித்து எழுதப்படுவதில்லை. அறை என்ற 'ரும்' எழுத்தில் ஒற்றை 'ம்' கொண்டதாக இருந்தாலும் உயிர் குறில்தான். 'அந்த அறை' என்று 'ரும்மெ' ஆகும்போது இரண்டு 'ம்' வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: உங்கள் சொல்லில் அசைகள் கூடிவிடுகின்றன

பேருந்து நிறுத்தம் ˈபுஸ்ˌஸ்தொப், இரண்டே அசைகள். நம் வாயில் அது 'புஸ்ஸு-இஸ்தொப்பு' என்று ஐந்தாகிவிடுவது உண்டு. மெய்யில் முடியும் அயற்சொல்லுக்கு ஈற்றில் உகரம் சேர்ப்பதும், மெய்க்கூட்டத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் இகரம் சேர்ப்பதும் தமிழின் இயல்பான பழக்கங்கள்; தமிழ் பேசும்போது அவற்றில் குறையில்லை. நோர்வேஜியக் கூட்டுச்சொல்லில் இரண்டு பழக்கங்களும் பொருத்தின் இரு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து மோதுவதால், கேட்பவரின் அசைக் கணக்கு குலைகிறது. மருந்து எளிது. பொருத்தில் உள்ள 'ஸ்' ஒலியை நிறுத்தாமல் இழுத்து, பாம்பு சீறுவது போல ஒரு வினாடி வைத்திருந்து, அதிலிருந்தே நேரே 'தொப்' என்பதற்கு இறங்கவேண்டும். இழுக்கும்போது உயிர் நுழைய இடமிருக்காது. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த இழுவையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதோடு ஒட்டிய ஒரு பிசகு, பொருத்தை அடுத்து வரும் வல்லினம் மெலிவது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் தனிக் ககரத்தை நாம் 'மகன்' என்பதில் போல மென்மையாகச் சொல்வோம். தேநீர்க் கோப்பை ˈதேˌகொப். அதன் ககரம் உயிருக்குப் பின் வந்தாலும், இரண்டாம் பகுதியின் தொடக்கம் என்பதால் சொல் முதலில் வருவது போல மூச்சு வெடிப்போடு ஒலிக்கும். உள்ளங்கையை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டு சொன்னால், 'தே' என்பதிலும் 'கொ' என்பதிலும் இரண்டு முறை காற்று கையில் படவேண்டும். இரண்டாவது படவில்லை என்றால் பொருத்தை நீங்கள் அழித்துவிட்டீர்கள்.

நமக்கு அனுகூலமான பக்கமும் ஒன்று உண்டு. கிழக்கு நோர்வேயில் ரகரத்துக்குப் பின் வரும் ன, த, ஸ ஒலிகள் நாவை மடித்து ண, ட, ஷ போல ஒலிக்கும், பொருத்தைத் தாண்டியும் ஒலிக்கும். குளிர்கால இரவு 'வின்தெர்' என்பதும் 'நத்' என்பதும் சேர்ந்து ˈவின்தெˌணத்; கோடை நாள் ˈஸொம்மெˌடாக். ஐரோப்பிய மாணவர் பலர் திணறும் இந்த ணகரமும் டகரமும் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. நோர்வேஜியர் பேசக் கேட்கும்போது, சொல் நடுவே திடீரென்று ஒரு ணகரம் கேட்டால், அங்கே ரகரத்தில் முடியும் ஒரு பகுதி முடிந்து நகரத்தில் தொடங்கும் இன்னொன்று வந்திருக்கலாம் என்று பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். பெர்கன், ஸ்தவாங்கர் பக்கத்துப் பேச்சில் ரகரம் தொண்டையில் பிறப்பதால் இந்த மாற்றம் அங்கே நிகழாது.

அறிகுறி: நோர்வேஜியரைக் கேட்டு அப்படியே சொல்கிறீர்கள், ஆனாலும் ஈற்றசை எடுப்பாகிவிடுகிறது

ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுகிறவர்களுக்கு வரும் சிக்கல் இது. காரணம் தெரியாவிட்டால் நெடுங்காலம் தீராது. நம் காது உயர்ந்த குரலை அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. கிழக்கு நோர்வேஜியப் பேச்சில் குரல் அழுத்தமுள்ள அசையோடு உயர்ந்து நிற்பதில்லை. அழுத்தம் பெற்ற அசை தாழ்ந்த குரலிலோ, அல்லது மேலிருந்து தாழ்வுக்கு இறங்கும் குரலிலோ ஒலிக்கும். பிறகு அந்தத் தொகுதியின் இறுதியை நோக்கிக் குரல் ஏறும். ஆகவே ˈஸீக்கெˌஹூஸ் (மருத்துவமனை) என்று ஒஸ்லோக்காரர் சொல்லும்போது குரலின் உயரம் 'ஹூஸ்' பக்கம் இருக்கிறது, அழுத்தமோ 'ஸீ' மீது இருக்கிறது. உயரத்தை அழுத்தம் என்று நினைத்து 'ஹூஸ்' என்பதை ஓங்கிச் சொன்னால் பிழை நேர்ந்துவிடும்.

இதைச் சரிசெய்ய, குரல் உயரத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு நீளத்தையும் பலத்தையும் கேட்கவேண்டும். பதிவை மெதுவாக ஓடவிட்டு எந்த அசை நீண்டு நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, முதலில் இசையே இல்லாமல், குரலை ஒரே மட்டத்தில் வைத்துச் சரியான அழுத்தத்தோடு சொல்லிப் பழகவேண்டும். ஏற்றத்தைப் பிறகு சேர்க்கலாம். மேற்கு நோர்வேக்குப் போனால் நிலைமை மாறும். அங்கே அழுத்த அசையே உயர்ந்த குரலில் வரும் என்பதால், பெர்கன் பேச்சையும் ஒஸ்லோ பேச்சையும் ஒரே வாரத்தில் கலந்து கேட்டுப் பழகுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அழுத்த அசை தாழ்ந்த குரலில் ஒலிப்பது முதலாம் தொனி, மேலிருந்து இறங்கி ஒலிப்பது இரண்டாம் தொனி என்ற வேறுபாட்டை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு கூட்டுச்சொல்லுக்கு எத்தனை பகுதிகள் இருந்தாலும் தொனி ஒன்றுதான். ஒஸ்லோப் பேச்சில் 'எ' என்ற இணைப்பொலி வந்தால் அது இரண்டாம் தொனியாக இருக்கும். ஓரசைச் சொல் முதற்பகுதியாக வரும் இடங்களில் சொல்லுக்குச் சொல் மாறும். ஆனால் தொனியைத் திருத்துவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வடக்கு நோர்வேயின் சில பகுதிகளிலும் பெர்கனுக்கு வடக்கே சில இடங்களிலும் பிறந்தவர்களுக்கே இந்த வேறுபாடு கிடையாது. அவர்களை நாடு முழுவதும் புரிந்துகொள்கிறது. அழுத்தம் இடம் மாறிய சொல்லைப் புரிந்துகொள்வதோ யாருக்கும் கடினம்.

அறிகுறி: விதிப்படி சொன்ன சொல்லைத் திருத்துகிறார்கள்

இரண்டாம் பகுதியில் அழுத்தம் பெறும் கூட்டுச்சொற்கள் சில இருக்கின்றன; அவற்றை மனப்பாடம் செய்வதுதான் வழி. பண்டிகை நாள்கள் அவற்றில் முதன்மையானவை: கிறிஸ்துமசுக்கு முந்திய நாள் யூல்ˈஅஃப்தென், பெரிய வெள்ளி லங்ˈஃப்ரேத, பெரிய வியாழன் ஷேர்ˈதோஷ்த. நூற்றாண்டு ஒர்ˈஹுந்த்ரெ. திசைகளில் வடமேற்கு நூர்ˈவெஸ்த். நாட்டின் வடபகுதி நூர்ˈநொர்கெ. இந்தக் கடைசிப் பெயரை எழுதும்போது நடுவில் சிறுகோடு இடுவார்கள். அழுத்தம் பின்னால் இருப்பதை அந்தக் கோடு நினைவூட்டும்.

ஊர்ப்பெயர்களில் ஒரு சோடி நடைமுறையில் முக்கியமானது. நான்காம் கிறிஸ்தியான் மன்னர் 1641இல் நிறுவிய தென்கரை நகரம் கிறிஸ்தியன்ˈஸன். 1742இல் நகர உரிமை பெற்ற மேற்குக்கரை ஊர் கிறிஸ்தியன்ˈஸுன். இரண்டிலும் அழுத்தம் ஈற்றசையில் விழுகிறது, வேறுபாடும் அந்த ஒரே அசையின் உயிரில்தான் இருக்கிறது. முதல் அசையை அழுத்தி ஈற்றை விழுங்கினால், பயணச்சீட்டு வாங்குமிடத்தில் எந்த ஊர் என்று யாராலும் சொல்லமுடியாது.

அறிகுறி: பேச்சில் சரி, எழுத்தில் சொல் இரண்டாகிவிடுகிறது

பேச்சில் ஒரே அழுத்தம் வந்தால் எழுத்தில் ஒரே சொல். இந்த ஒரு சோதனை பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். புகை பிடிக்கக்கூடாத இடம் ˈரொய்க்ˌஃப்ரித் என்று ஒரே சொல்லாக எழுதப்படவேண்டும். நடுவில் இடம் விட்டால் 'தாராளமாகப் புகை பிடியுங்கள்' என்ற பொருள் வந்துவிடும். நோர்வேஜியர் இந்தப் பிழையை 'ஸேஷ்க்ரீவிங்' என்று அழைக்கிறார்கள். அவர்களும் இதற்காக ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஆங்கிலத்தில் கூட்டுச்சொற்களைப் பெரும்பாலும் பிரித்து எழுதிப் பழகிய கை இங்கேயும் பிரித்துவிடுகிறது என்பதை நினைவில் வைத்தால் பாதிப் பிழை தீரும்.

வரி ஈற்றில் சொல்லை உடைக்கும்போது முதல் உரிமை பொருத்துக்கே: பிறந்த ஆண்டை 'ஃபொத்ஸெல்ஸ்' என்ற இடத்தில் உடைத்து, 'ஓர்' என்பதை அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டுச்சொல் அல்லாத சொற்களில் ஒரு மெய்யை அடுத்த வரிக்கு எடுத்துச்சென்றால் போதும். 'அந்தக் குதிரை' என்று பொருள்படும் சொல் 'ஹெஸ்' என்றும் 'தென்' என்றும் பிரியும். ஒரே ஒலியைக் குறிக்கும் எழுத்துக் கூட்டத்தைப் பிளக்கக்கூடாது.

எழுத்தில் மறைந்துபோகும் ஒரு மெய்யையும் கவனிக்கவேண்டும். பேருந்து என்ற சொல் இரண்டு 'ஸ்' கொண்டு முடிகிறது. ஓட்டுநர் என்ற சொல் ஒரு 'ஸ்' எழுத்தில் தொடங்குகிறது. சேர்த்து எழுதும்போது ஒரே மெய் மூன்று முறை தொடரக்கூடாது என்பதால் ஒன்றை விட்டு இரண்டோடு எழுதுகிறோம்: ˈபுஸ்ஷோˌஃபோர். வரி ஈற்றில் அதே சொல்லை உடைக்க நேர்ந்தால் விட்டுப்போன மெய் திரும்பி வரவேண்டும். முதல் வரியில் இரண்டும் அடுத்த வரியில் ஒன்றுமாக மூன்றையும் எழுதவேண்டும். கணினியில் ஆவணத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், தானாகச் சொல்லை உடைக்கும் வசதி ஆங்கில விதியின்படி உடைத்துவிடும்; விண்ணப்பக் கடிதமோ அறிக்கையோ அனுப்புமுன் முழு உரையையும் தெரிவுசெய்து அதன் மொழியை நோர்வேஜியம் பூக்மோல் (நோர்வேஜியத்தின் இரண்டு எழுத்து வடிவங்களில் ஒன்று) என்று மாற்றி, வரி ஈறுகளை மட்டும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.